அப்பாவின் கையெழுத்து ஏன் சிறுத்துக்கொண்டே போகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்; கூடவே கொஞ்சம் நெல் விவசாயமும் பார்த்தார். ஒன்றரை ஆண்டாக வலது கை நடுங்குகிறது. சும்மா உட்கார்ந்து டிவி பார்க்கும்போதுதான் அதிகம். காபி டம்ளரை எடுத்தால் நடுக்கம் நின்றுவிடுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதே பக்கத் தோள் பிடித்துக்கொண்டு, பிசியோதெரபிக்கு அலைந்தோம். இப்போது நடை மெதுவாகிவிட்டது. முகத்தில் சிரிப்பே இல்லை. முதலில் பார்த்த மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து ஊசி போட்டார். அடுத்தவர் பார்க்கின்சன் நோய் என்று லெவோடோபா மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். "அந்த மாத்திரை ஐந்து வருடம்தான் வேலை செய்யும், முடிந்தவரை தள்ளிப்போடுங்கள்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். பூனைக்காலிப் பொடி போதும் என்கிறார் ஒருவர். அம்மா இறந்த துக்கத்தில் வந்தது என்கிறார் அத்தை. வயலில் மருந்து அடித்ததால் என்கிறான் தம்பி. உண்மையில் இது ஏன் வருகிறது? அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். எங்களுக்கும் வருமா? அப்பா வேறு எந்த நோய்க்கும் மருந்து சாப்பிடுவதில்லை. இரண்டு ஆண்டாக வாயுத் தொல்லைக்கு ஒரு கேப்சூல் மட்டும்தான் (பேன்டோப்ரசோல், லெவோசல்பிரைடு என்று அட்டையில் இருக்கிறது). அவருடைய வரவு செலவு நோட்டில் இரண்டு பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். எழுத்து ஏன் இப்படி ஆனது என்று புரியவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே அந்த இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டேன். 2016ஆம் ஆண்டுப் பக்கத்தில் "பால் பாக்கி", "உர மூட்டை" எல்லாம் குண்டு குண்டாக, சங்கத்துப் பேரேட்டில் எழுதிப் பழகிய கை என்று தெரிகிற மாதிரி இருக்கின்றன. சென்ற மாதப் பக்கத்தில் ஒவ்வொரு வரியும் ஓரளவு பெரிதாகத் தொடங்கி, வலது ஓரத்துக்குப் போவதற்குள் கடுகாகச் சிறுத்துவிடுகிறது. கோணல் இல்லை, கிறுக்கல் இல்லை, எழுத்து சுருங்குகிறது, அவ்வளவுதான். வயதானவர்களுக்குச் சாதாரணமாக வருகிற, குடும்பத்தில் பலருக்கும் இருக்கக்கூடிய வேறொரு கைநடுக்கம் உண்டு. அதில் எழுத்து பெரிதாகவும் அலை அலையாகவும் வரும். டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் கை ஆடும். உங்கள் அப்பாவுக்கு நேர்மாறாக, மடியில் ஓய்வாகக் கிடக்கும் கை ஆடுகிறது, வேலை கொடுத்தால் அடங்குகிறது. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஜபமாலை உருட்டுவது போல அசைகின்றனவா என்று பாருங்கள். அப்படி இருந்தால் இரண்டாவது மருத்துவர் சொன்ன பக்கமே தராசு இன்னும் சாயும்.

நரம்புத் தளர்ச்சி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ் நிலையச் சுவர்களில் ஒட்டியிருக்கும் லாட்ஜ் வைத்தியர் சுவரொட்டி முதல் சத்து ஊசி வரை எல்லாவற்றையும் போட்டு வைக்கிற சாக்கு அது. அப்படி ஒரு நோய் மருத்துவத்தில் கிடையாது. அந்தச் சொல்லால் என்னிடம் ஓராண்டு, இரண்டாண்டு தாமதமாக வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். ஊசியால் உங்கள் அப்பாவுக்குக் கெடுதல் ஒன்றும் நடந்திருக்காது. காலம்தான் போயிற்று.

பார்க்கின்சன் என்றதும் எல்லோரும் நடுக்கத்தை நினைக்கிறார்கள். தமிழில் நாம் வைத்திருக்கும் "நடுக்குவாதம்" என்ற பெயரும் அதற்குத் துணை போகிறது. ஆனால் நோயைக் கண்டுபிடிக்க நாங்கள் முதலில் தேடுவது நடுக்கத்தை அல்ல, மந்தத்தை. நோயாளிகளில் சிலருக்கு நடுக்கமே வருவதில்லை. மந்தம் இல்லாமல் இந்த நோய் இல்லை. சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. சோறு பிசைகிற விரல்கள் பாதியில் சோர்கின்றன. நடக்கும்போது ஒரு கை வீசுகிறது, மற்றொன்று உடம்போடு ஒட்டிக்கொள்கிறது. கண் இமைப்பது குறைகிறது. முகத்தசைகள் மந்தமாவதால் உள்ளே சந்தோஷம் இருந்தாலும் வெளியே தெரிவதில்லை. சிரிப்பே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் கோபமாக இருக்கிறார், பேரக்குழந்தைகள் மேல் பிரியம் குறைந்துவிட்டது என்று வீட்டில் யாராவது நினைத்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதைத் திருத்துங்கள். குரல் தாழ்ந்து போவதும், காலைத் தேய்த்து நடப்பதும், திரும்பும்போது நாலைந்து சிற்றடி வைப்பதும் இதே மந்தத்தின் வேறு வேறு முகங்கள்.

தோள்வலியும் இந்தக் கணக்கில் சேரும். ஒரு பக்கத் தசைகள் இறுகி, கை வீசாமலே இருந்து, கடைசியில் தோள் பிடித்துக்கொள்வது இந்த நோயின் தொடக்கத்தில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. பிசியோதெரபிக்கு அலைந்த அந்த மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்குத் திரும்பி வருவேன்.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை முதன்முதலில் தெளிவாக எழுதிவைத்தபோது அவர் கையில் இருந்தவை ஆறே ஆறு பேரின் விவரங்கள். அவர்களிலும் சிலரைத் தெருவில்தான் பார்த்தார். ஸ்கேன் எதுவும் இல்லாமல், நடையைப் பார்த்து எழுதிய அந்த விவரிப்பின் பெரும்பகுதி இன்றும் நிற்கிறது. இன்றைக்கும் இந்த நோயை உறுதி செய்வது மருத்துவரின் கண்ணும் கையும்தான். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வது வேறு ஏதாவது இருக்கிறதா என்று விலக்கத்தான். பார்க்கின்சன் நோயாளிக்கு அது பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். ஸ்கேனில் ஒன்றுமில்லை, அதனால் நோய் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனி, ஏன் வருகிறது என்ற கேள்வி.

மூளையின் நடுப்பகுதியில் கறுப்பு நிறமாகத் தெரிகிற ஒரு சிறிய இடம் இருக்கிறது. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, நம் அசைவுகள் தடங்கலின்றி நடக்க உதவுகின்றன. மாட்டுவண்டி அச்சுக்குப் போடும் வண்டி மையை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு நன்றாக இருக்கிறது, சக்கரம் நன்றாக இருக்கிறது, மை மட்டும் வற்றிவிட்டால் வண்டி கிரீச்சிட்டுக்கொண்டு இழுத்து இழுத்துத்தான் போகும். உங்கள் அப்பாவின் கையில் பலம் போகவில்லை. அது பக்கவாதம் அல்ல. அசைவைத் தொடங்குவதும் அதே அளவில் தொடர்ந்து நடத்துவதும்தான் கெட்டுப்போயிருக்கின்றன. வரியின் தொடக்கத்தில் பெரிதாக இருந்த எழுத்து முடிவில் கடுகானதற்குக் காரணம் இதுவே.

அந்த அணுக்கள் ஒரே நாளில் அழிவதில்லை. ஏறக்குறைய பாதி போன பிறகுதான் கையில் தெரியத் தொடங்கும். அப்படியானால் நோய் பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்றுதானே அர்த்தம்? அந்தக் காலத்திலும் அது சும்மா இருப்பதில்லை. மலச்சிக்கல், மோப்பம் குறைவது, மனச்சோர்வு, தூக்கத்தில் கனவைக் கண்டபடியே கை காலை வீசிக் கத்துவது ஆகியவை நடுக்கத்துக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முந்தியும் வரலாம். பெருங்காயம் தாளிப்பது அவருக்குத் தெரிகிறதா என்று கேட்டுப்பாருங்கள். தூக்கத்தைப் பற்றி உங்கள் அம்மா இருந்திருந்தால் அவரைத்தான் கேட்டிருப்பேன். தூங்குகிறவருக்கு அது தெரியாது. பக்கத்து அறையில் படுக்கிற தம்பியிடம் விசாரியுங்கள். ராத்திரியில் கத்துகிறார் என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டிவிட்டு, பல ஆண்டு கழித்து நடுக்கத்தோடு அழைத்து வந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அணுக்கள் ஏன் அழிகின்றன? பெரும்பாலானவர்களுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. ஆல்ஃபா சைனியூக்ளின் என்ற புரதம் தவறாக மடிந்து, அணுக்களுக்குள் கட்டி கட்டியாகத் தேங்குகிறது. வயது அதற்கு முதல் துணை. அறுபதைத் தாண்டியவர்களிடம்தான் நோய் அதிகம், பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். மரபணுக்கள் கொஞ்சம், சுற்றுச்சூழல் கொஞ்சம்.

தம்பி சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். 1982இல் கலிஃபோர்னியாவில் சில இளைஞர்கள் ஒரே நேரத்தில் பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்து போய் மருத்துவமனைக்கு வந்தார்கள். திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட போதை மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற வேதிப்பொருள், நான் மேலே சொன்ன அந்தக் கறுப்பு அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொன்றிருந்தது. வெளியிலிருந்து வருகிற ஒரு ரசாயனம் இதைச் செய்ய முடியும் என்று மருத்துவ உலகம் அப்போதுதான் கண்ணால் கண்டது. வயலில் களைக்கு அடிக்கும் பாராகுவாட்டின் மூலக்கூறு, உடலில் எம்.பி.டி.பி. மாறுகிற நச்சைப் போன்ற அமைப்பு உடையது. பாராகுவாட், ரோட்டெனோன் போன்றவற்றைக் கையாண்டவர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனாலும் உங்கள் அப்பாவுக்கு வந்தது அதனால்தான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அடித்த பெரும்பாலோருக்கு வரவில்லை, அடிக்காத பலருக்கு வந்திருக்கிறது. தம்பி இப்போதும் தெளிப்பானைத் தூக்குகிறார் என்றால், முகத்துக்கு ஈரத் துண்டு கட்டிக்கொள்வது பாதுகாப்பு அல்ல என்று சொல்லுங்கள். கையுறை, முழுக்கைச் சட்டை, வடிகட்டியுள்ள முகமூடி, முடிந்தவுடன் குளியல்.

அத்தை சொல்வது சரியில்லை. துக்கம் இந்த நோயைக் கொண்டுவராது. மனக்கலக்கத்தில் நடுக்கம் கூடும், அதனால் அது வெளியே தெரிந்திருக்கும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். மனச்சோர்வு இந்த நோயின் ஒரு பகுதியாகவும் வரும். அம்மா போய் இத்தனை காலத்துக்குப் பிறகும் அவர் எதிலும் ஒட்டாமல் இருந்தால், துக்கம்தானே என்று விடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது, கேட்கிறது.

உங்களுக்கு வருமா? சொந்தத்தில் செய்த திருமணத்தை நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே கோளாறுள்ள மரபணு வந்தால் உண்டாகும் வகைகள் உள்ளன. நெருங்கிய உறவுத் திருமணங்களில் அவற்றுக்கு வாய்ப்பு கூடுதல்தான். ஆனால் அவை பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே தலைகாட்டும். இன்னொன்று, சொந்தத்தில் மணந்தவர் உங்கள் அப்பா. அந்தத் திருமணம் அவருடைய மரபணுவை மாற்றாது. அறுபதுக்கு மேல் வந்த நோயில் பிள்ளைகளுக்கான அபாயம் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு என்பார்கள். மடங்கு என்று கேட்டால் பயமாக இருக்கும். வாழ்நாளில் நூறு பேரில் ஒருவர், இருவருக்கு வருவது மூன்று, நான்கு பேராகிறது. மற்ற தொண்ணூற்றுச் சொச்சம் பேர் தப்பிவிடுகிறார்கள். மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட வரிக்கு வருகிறேன். நீங்கள் "மட்டும்தான்" என்று போகிறபோக்கில் எழுதிய அந்த வாயு கேப்சூல்.

அதில் உள்ள லெவோசல்பிரைடு, வயிற்றை வேகமாகக் காலியாக்கக் கொடுக்கப்படுவது. மூளையில் அது டோபமைன் போய் உட்காரும் இருக்கைகளை அடைத்துக்கொள்ளும். டோபமைன் இருந்தும் வேலை நடக்காது. நடுக்கம், மந்தம், இறுகிய முகம் என்று பார்க்கின்சனைப் போலவே ஒரு படம் உண்டாகும். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், புரோகுளோர்பெரசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃப்ளூனரிசின், மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாமே இதைச் செய்யக்கூடியவை. சில நாட்களுக்கு என்று எழுதித் தந்த சீட்டை வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் வருடக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது நம் ஊர்ப் பழக்கம். வயதானவர்களுக்கு வரும் பார்க்கின்சன் போன்ற நிலைகளில், நிறுத்தினால் சரியாகக்கூடிய முக்கியமான காரணம் இந்த மாத்திரைகள். ஆனாலும் வாயு மாத்திரைக்கும் கைநடுக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று, கேட்டால்கூடச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு. நோயாளிகள் மேல் அல்ல.

அப்படியானால் உங்கள் அப்பாவுக்கு வந்தது மாத்திரையால் வந்ததா, நோயா? மருந்தால் வருவது பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும். அவருக்கு ஒரு பக்கம். தோள் பிடித்துக்கொண்டது கேப்சூலுக்கு ஓராண்டு முன்பு. இவற்றை வைத்துப் பார்த்தால் நோய் முன்பே இருந்தது, கேப்சூல் அதை இன்னும் அழுத்தியிருக்கிறது என்றே நினைக்கிறேன். கடிதத்தை வைத்து இதற்கு மேல் சொல்வது முறையல்ல. ஆனால் உங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. தேதி போட்டு நாள் தவறாமல் எழுதிய கணக்கு நோட்டுகள்! 2016க்கும் சென்ற மாதத்துக்கும் இடையில் உள்ள நோட்டுகளைப் புரட்டி, எழுத்து எந்த மாதத்தில் சிறுக்கத் தொடங்கியது என்று பாருங்கள். கேப்சூலுக்கு முன்பே சிறுத்திருந்தால் ஒரு கதை, பிறகு என்றால் வேறு கதை. எந்த ஸ்கேனும் இதைச் சொல்லாது.

இதற்கிடையில், எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே அந்த அட்டையைக் காட்டி, லெவோசல்பிரைடு இல்லாத மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். மருந்தால் வந்த பங்கு விலகச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம். வயிற்றுத் தொல்லைக்கே மலச்சிக்கல் காரணமாக இருக்கவும் வாய்ப்பு உண்டு. அதைச் சரிசெய்தாலே கேப்சூலின் தேவை போய்விடும்.

மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற மருந்து லெவோடோபா. அதைத் தள்ளிப்போடலாமா என்ற கேள்வியில் நான் உங்கள் தெரிந்தவர்களோடு உடன்படவில்லை. நோய் வளர வளர மருந்தின் பலன் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் குறைவதும், உடம்பு தானாக நெளிவதும் உண்மை. அது மருந்தைத் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிற கடிகாரமா, நோய் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. கானாவில் மருந்து கிடைக்காமல் தாமதமாகத் தொடங்கிய நோயாளிகளையும், இத்தாலியில் சீக்கிரம் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. இரு நாட்டினருக்கும் நோய் வந்து ஏறக்குறைய அதே காலத்தில்தான் இந்தத் தொல்லைகள் வந்தன. தள்ளிப்போட்டவர்களுக்கு மிச்சமானது ஒன்றுமில்லை. நன்றாக நடந்திருக்கக்கூடிய சில ஆண்டுகளை இழந்தார்கள். கேப்சூலை நிறுத்திச் சில மாதம் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அது வேறு, நியாயமானது. பயந்துகொண்டு தள்ளிப்போட வேண்டாம்.

தொடங்கினால், மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு கொடுங்கள். பருப்பு, தயிர், முட்டையில் உள்ள புரதம் அதன் வழியை மறிக்கும். புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், நேரத்தைப் பிரித்தால் போதும். முதல் சில நாட்களில் குமட்டினால் கூட இரண்டு பிஸ்கட் கொடுக்கலாம். குமட்டலுக்கு என்று மருந்துக் கடையில் நீங்களாக எதையும் வாங்க வேண்டாம், மேலே சொன்ன பட்டியலில் உள்ள ஒன்றே கையில் வரக்கூடும். தொடங்கிய பிறகு திடீரென்று நிறுத்தவே கூடாது. படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள், ரத்த அழுத்தம் இறங்கும்.

பூனைக்காலி பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது வெறும் நாட்டு நம்பிக்கை அல்ல. அதன் விதையில் இருப்பது இதே லெவோடோபாதான். 1937இல் சென்னையிலேயே தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மூளையில் டோபமைனுக்குத் தனி வேலை உண்டு என்று ஸ்வீடனைச் சேர்ந்த அர்விட் கார்ல்சன் காட்டியது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து. அவருக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. பொடியில் எனக்குள்ள சிக்கல் அளவுதான். ஒரு கரண்டியில் எவ்வளவு இருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். மாத்திரையில் கூடவே சேர்த்திருக்கும் கார்பிடோபா, மருந்து மூளைக்குப் போவதற்கு முன் வழியிலேயே வீணாகாமல் காக்கிறது. பொடியில் அது கிடையாது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் அளவு மீறிப்போகும். கொடுத்தே தீர வேண்டும் என்றால் மருத்துவருக்குத் தெரிந்து கொடுங்கள்.

நடுக்கத்துக்கு என்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எழுதித் தந்தால், இந்த வயதில் அது நினைவைக் குழப்பக்கூடியது என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள். நோய் தொடங்கிய முதல் ஆண்டிலேயே அடிக்கடி விழுவது, எழுந்ததும் மயங்குவது, இல்லாத மனிதர்கள் தெரிவது, லெவோடோபாவுக்கு எந்தப் பலனும் இல்லாதது ஆகியவை வந்தால் அது பார்க்கின்சனைப் போன்ற வேறொரு நோயாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் மூளை நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருக்கிறது.

போகும்போது ஒரு மஞ்சள் பையில் வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் போட்டுக்கொள்ளுங்கள், பழைய காலி அட்டைகள் உட்பட. இடைப்பட்ட ஆண்டுகளின் நோட்டுகளில் ஆண்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள்.

இன்னும் ஒன்று. அப்பா எழுத நேரமாகிறது என்று கணக்கெழுதுகிற வேலையை நீங்களோ தம்பியோ வாங்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் வேண்டாம். அவரே எழுதட்டும். கோடில்லாத நோட்டை மாற்றி, சின்னக் குழந்தைகளுக்கு வாங்குகிற, அகலமாகக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் ஒவ்வொரு எழுத்தும் தொட வேண்டும் என்று சொல்லுங்கள். கண்முன் கோடு இருந்தால் இந்த நோயாளிகளின் கை அதைப் பிடித்துக்கொண்டு பெரிதாக எழுதும். முதல் பக்கம் முடிந்ததும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.